வயிற்றில் சிறுநீர்ப் பை: யூரோஸ்டோமி உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடம் பீடி பிடித்ததற்குக் கூலியாக சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்து சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த பை போய், வெளியே ஒரு பை வந்தது. இப்படி வயிற்றில் வழி போட்டுச் சிறுநீரை வெளியே எடுப்பதற்குத்தான் யூரோஸ்டோமி என்று பெயர். ஏழு வருடம் ஆகிறது.

ஊர்ப் பக்கம் யாருக்காவது இதே ஆபரேஷன் நடந்தால், யாரோ ஒருவர் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார். ஆம்பூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று போன் வந்தபடி இருக்கும். எல்லாரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்ததும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பட்டுத் தெரிந்ததும்தான் இதில் இருக்கிறது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

அண்ணா, உள்ளே என்னதான் செய்திருக்கிறார்கள்?

சிறுகுடலில் ஏறக்குறைய 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டை, ரத்தக்குழாய் அறுபடாமல் தனியாகப் பிரிக்கிறார்கள். மீதிக் குடலை மறுபடி இணைத்துவிடுகிறார்கள். அதனால் மலம் போவது எப்போதும்போல்தான். இரண்டு சிறுநீரகத்திலிருந்தும் வரும் குழாய்களை அந்தத் துண்டில் தைக்கிறார்கள். துண்டின் ஒரு முனையை மூடி, மறுமுனையை வயிற்றின் வலது பக்கம் வெளியே எடுத்து, சட்டைக் கையை மடித்துவிடுவதுபோல் வெளிப்புறமாக மடித்துத் தைக்கிறார்கள். அந்தச் சிவப்பு மொட்டுதான் ஸ்டோமா. பிரிக்கர் என்ற அமெரிக்க சர்ஜன் 1950-இல் எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறை இது.

அந்தக் குடல் துண்டு சிறுநீரைச் சேர்த்து வைக்காது. அது வெறும் குழாய். அதனால் இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்கும், அடக்க முடியாது. இதை மனது ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. எல்லாருக்கும் புற்றுநோயால்தான் இது வரும் என்றும் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்ததில் சிறுநீர்ப்பை கெட்ட பெண்கள், காசநோயில் பை சுருங்கியவர்கள், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், பிறவிக் கோளாறுள்ள பிள்ளைகள் எனப் பலருக்கும் செய்கிறார்கள்.

பார்க்கவே பயமாக இருக்கிறது. அது நல்லபடியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உதட்டை உள்பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். அந்தச் சிவப்பும் அந்த ஈரமும் இருந்தால் நல்ல ஸ்டோமா. தொட்டால் வலிக்காது, அதற்கு அந்த உணர்ச்சி நரம்பு கிடையாது. சில நேரம் புழு நெளிவதுபோல் தானாகச் சுருங்கி விரியும். குடல் அல்லவா, அதன் குணம் அது. வலிக்காது என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. பெல்ட்டோ, பிளேட்டின் (பையைத் தோலில் பிடித்து நிறுத்தும், நடுவில் ஓட்டையுள்ள ஒட்டுத் தகடு) விளிம்போ அதை அறுத்துக்கொண்டிருந்தால்கூட உங்களுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை பை மாற்றும்போதும் ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள். கைக்கண்ணாடியை அடியில் பிடித்தால் கீழ்ப்பக்கமும் தெரியும்.

நிறம் கருஞ்சிவப்பாக, ஊதாவாக, கறுப்பாக மாறினால் ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று அர்த்தம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள்.

பையை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. காசை மிச்சம் பிடிக்க ஒரு வாரம் இழுத்தால், அந்தக் காசு தோல் மருந்துக்குப் போய்விடும். நாள் குறித்துக்கொண்டு மாற்றுங்கள், ஒழுகிய பிறகு மாற்றாதீர்கள்.

காலையில் எழுந்ததும், காபி தண்ணீர் எதுவும் குடிக்கும் முன் மாற்றுவதுதான் நல்லது. அப்போது சொட்டு குறைவாக இருக்கும். என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதல் நாள் இரவே புது பிளேட்டில் ஓட்டை வெட்டித் தயாராக வைத்துவிடுவேன். காலையில் ஃபேன் கீழே நாற்காலி போட்டு உட்கார்வேன். பழைய பிளேட்டை வெடுக்கென்று இழுக்காமல், ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மறு கையால் மேலிருந்து கீழாக மெதுவாக உரிப்பேன். வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பேன். பிறகு சுத்தமான பருத்தித் துணியைச் சின்னத் திரியாகச் சுருட்டி ஸ்டோமாவின் வாயில் லேசாக வைத்துக்கொள்வேன், உள்ளே திணிக்க மாட்டேன். சொட்டை அது உறிஞ்சிக்கொள்ளும், சுற்றியுள்ள தோல் காயும். தோல் முழுக்கக் காய்ந்த பின் திரியை எடுத்துவிட்டு, பிளேட்டை ஒட்டி, உள்ளங்கையை அதன் மேல் ஒரு நிமிடம் வைத்திருப்பேன். பசை உடம்புச் சூட்டில்தான் பிடிக்கும். கடைசியாக, பைக்கு அடியில் உள்ள குழாயின் மூடியை மூடியாயிற்றா என்று பார்ப்பேன். சிரிக்காதீர்கள், மூட மறந்து வேட்டியை நனைத்தது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் ஒழுகுகிறது. ஏன்?

எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான். போனிலேயே நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: "கடைசியாக எப்போது அளவெடுத்தீர்கள்?"

ஆபரேஷன் முடிந்தபோது ஸ்டோமா வீங்கியிருக்கும். அடுத்த ஆறு முதல் எட்டு வாரத்தில் சுருங்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் வெட்டிக் கொடுத்த அட்டை அளவையே பல பேர் ஆறு மாதம் வரை வைத்துக்கொண்டு வெட்டுவார்கள். தீபாவளிக்கு எடுத்த அளவில் அடுத்த தீபாவளிக்குப் பையனுக்குச் சட்டை தைத்தால் என்ன ஆகும்? அதேதான். ஓட்டை பெரிதாக இருந்தால் நடுவில் தெரியும் தோலின் மேல் சிறுநீர் நின்று ஊறும், பசைக்கு அடியில் இறங்கும், பிளேட் கழன்றுவிடும். சின்னதாக வெட்டினாலும் தப்பு. விளிம்பு ஸ்டோமாவை அறுக்கும். ஸ்டோமாவைவிடச் சுற்றிலும் 2 முதல் 3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை அளவெடுங்கள். பெரும்பாலான ஸ்டோமா சரியான வட்டமாக இருக்காது, முட்டை மாதிரிதான் இருக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து பேனாவால் சுற்றி வரைந்து, அதை வெட்டி மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் மேலே என்று அதில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். ராணிப்பேட்டைக்காரர் ஒருவருக்கு அளவு சரி, பிளேட் சரி, எல்லாம் சரி. மாதிரியைத் தலைகீழாக வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் அல்லாடினார்.

அளவு சரியாக இருந்தும் ஒழுகினால், உட்கார்ந்து பாருங்கள். படுத்திருக்கும்போது சமமாக இருக்கும் வயிறு, உட்கார்ந்தால் மடியும். அந்த மடிப்பு ஸ்டோமாவின் பக்கத்தில் விழுந்தால் அதுதான் சிறுநீர் ஓடும் வாய்க்கால். அந்தப் பள்ளத்தை நிரப்ப பேஸ்ட்டும் வளையமும் கிடைக்கின்றன. ஸ்டோமா தோலோடு தோலாகத் தாழ்ந்திருந்தால், நடுவில் குவிந்த பிளேட் தேவைப்படலாம். அதை நீங்களாக வாங்காதீர்கள், சிஸ்டர் பார்த்து முடிவு செய்யட்டும்.

இன்னும் சில காரணங்கள்: தோல் சரியாகக் காயாதது, குளித்த சோப்பின் வழவழப்பு, முடி, பை நிரம்பித் தொங்குவது. பை மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி நிரம்பியதும் காலி செய்துவிடுங்கள். ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பாதியில் எழுந்திருக்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன். பை கனத்துத் தானாகக் கழன்றது. பிரியாணி இலை முன்னால், என் நிலைமை இலைக்குக் கீழே. அதற்குப் பிறகு பந்தியிலிருந்து எழுந்திருக்க எனக்குக் கூச்சமே இல்லை.

ஒழுகும் இடத்தில் பஞ்சையும் துணியையும் சொருகி, மேலே பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஒழுக்கை நிறுத்தாது, கண்ணுக்கு மறைக்கும். அடியில் தோல் வெந்துபோகும். ஒழுகினால் முழுசாகக் கழற்றிப் புதிதாக ஒட்டுங்கள், வேறு வழி இல்லை.

தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் பை மெதுவாக நிரம்புமே, அது நல்லதுதானே?

இல்லை. நான் செய்த பெரிய தப்பு இது.

ஆபரேஷன் முடிந்த மறுவருடம், அக்னி நட்சத்திர நேரம். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும், பாலாற்று மணலில் கால் வைக்க முடியாது. முகூர்த்த சீசன், கடையில் ஜாக்கெட் குவிந்து கிடந்தது. எழுந்து எழுந்து போக வேண்டாமே என்று காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒரு டம்ளர் என்று ஓட்டினேன். மூன்றாவது நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. நாலாவது நாள் சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்தபடியே குளிர் வந்து பல் தந்தியடித்தது. வலது விலாவுக்குக் கீழே முதுகில் யாரோ குத்துவதுபோல் வலி. சிறுநீரகத்தில் தொற்று. ஆறு நாள் படுக்கை, டிரிப்ஸ், கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறி மெதுவாகத்தான் இறங்கியது. மிச்சப்படுத்திய நேரத்தைவிட அதிகமாகவே போயிற்று.

விஷயம் இதுதான். சிறுநீர் கெட்டியானால் கிருமி பெருகும், சளி அடைக்கும், உப்பு படியும், நாற்றம் கூடும், தோலும் எரியும். ஸ்டோமாவால் வரும் தொல்லைகளில் எதை எடுத்தாலும் அதன் வேரில் பெரும்பாலும் தண்ணீர்க் குறைவு இருக்கிறது. ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர், வெயில் காலத்தில் அதற்கும் மேல் குடியுங்கள். மோர், கஞ்சி, ரசம் எல்லாம் கணக்கில் சேரும். இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் நில்லுங்கள். பொட்டாசியம் கூடியிருந்தால் இளநீரும் வேண்டாம். அளந்து குடிக்க முடியாதவர்களுக்கு எளிய அடையாளம்: பையில் சிறுநீர் வெளிர் மஞ்சளாகத் தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. நிறம் எப்போதும் கண் முன்னால்.

சுற்றியுள்ள தோல் சிவந்து எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தடவாதீர்கள். எண்ணெய், மஞ்சள், வேப்பிலை அரைப்பு, முகப் பவுடர், களிம்பு எதுவுமே வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் பாசத்தில் சொல்வார்கள், தட்டவும் முடியாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பசை பிடிக்காது; பசை பிடிக்காவிட்டால் சிறுநீர் பரவும்; தோல் இன்னும் புண்ணாகும். டெட்டால், பெட்டாடின் போட்டுத் தினமும் துடைப்பதும் தப்பு. தண்ணீர் போதும்.

எந்த இடத்தில், எந்த வடிவத்தில் சிவந்திருக்கிறது என்று பாருங்கள், அதிலேயே காரணம் தெரியும். ஸ்டோமாவை ஒட்டி வளையமாகச் சிவந்திருந்தால் ஓட்டை பெரிது. ஒரு பக்கமாக வழிந்த மாதிரி இருந்தால் அந்தப் பக்கம் மடிப்பு. பிளேட் எவ்வளவு பெரியதோ அச்சு அசலாக அவ்வளவும் சிவந்து அரித்தால் அந்தப் பசை ஒத்துக்கொள்ளவில்லை, வேறு கம்பெனிப் பிளேட்டை முயன்று பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாக, ஓரங்களில் சிதறி, தாங்க முடியாத அரிப்பு இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வியர்வைக் காலத்தில் நிறைய வரும், டாக்டர் பவுடர் எழுதித் தருவார். முடிக்கால்களில் கொப்புளம் என்றால் பிளேட்டை இழுத்துப் பிடுங்கியதால் வந்தது. முடியைக் கத்தரியாலோ டிரிம்மராலோ குறையுங்கள், பிளேடு வேண்டாம்.

தோல் ஈரமாகப் புண்ணாகியிருந்தால் ஸ்டோமா பவுடர் என்றே ஒன்று இருக்கிறது. அதைத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு, அதன் மேல் ஒட்டலாம். ரொம்ப நாளாக ஊறி, மரு மாதிரி சாம்பல் நிறத்தில் தடித்துப் போயிருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் காட்டுங்கள். பெரும்பாலும் அளவைச் சரிசெய்தாலே மெதுவாக அடங்கும்.

பைக்குள் வெள்ளை நூல் நூலாக மிதக்கிறதே?

சளி. குடல் தன் வேலையை விடவில்லை, வழவழப்பைச் சுரந்துகொண்டிருக்கிறது. சீழ் இல்லை. வழக்கத்தைவிடத் திடீரென்று கூடினால் தண்ணீரைக் கூட்டுங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம்.

ஸ்டோமாவைச் சுற்றி உப்புப் பொரிந்த மாதிரி நரநரவென்று படிகிறது. தொட்டால் ரத்தம் வருகிறது.

சிறுநீரின் காரத்தன்மை கூடும்போது அதில் கரைந்திருந்த உப்புகள் படியும். போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவு விழுவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே கதை. சமையல் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, துணியில் நனைத்து, பை மாற்றும்போது சில நிமிடம் ஒத்தடம் போல வைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் கழுவிக் காயவைத்து ஒட்டுங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள். தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தால் வினிகர் போடாமல் முதலில் சிஸ்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் சி மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று அள்ளிப் போடாதீர்கள், கல் உருவாகும் உடம்பாக இருந்தால் சிக்கல்.

லேபில் சிறுநீர் டெஸ்ட் கொடுத்தேன், கிருமி இருக்கிறது என்று வந்திருக்கிறது. மாத்திரை போடவா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் ஏமாறாத ஆளே இல்லை.

குடல் துண்டில் கிருமி இருப்பது இயல்பு. காய்ச்சல், குளிர், விலா வலி, குமட்டல், வழக்கத்துக்கு மாறான நாற்றம் எதுவும் இல்லாமல், ரிசல்ட்டில் மட்டும் கிருமி இருந்தால் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால், நிஜமாகத் தொற்று வரும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது.

அடுத்தது, சாம்பிள் எடுக்கும் விதம். பையில் சேர்ந்த சிறுநீரைக் குழாயைத் திறந்து டப்பாவில் பிடித்துக் கொடுத்தால், பையில் வளர்ந்த கிருமியைத்தான் லேப் எண்ணிச் சொல்லும். ஸ்டோமாவைச் சுத்தம் செய்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டு சிஸ்டர் எடுப்பதே சரியான முறை. அதற்கு வழியில்லாவிட்டால், பையைக் கழற்றித் துடைத்துவிட்டுப் புதிதாக விழும் சொட்டைச் சுத்தமான டப்பாவில் நேராகப் பிடியுங்கள். சீட்டில் 'யூரோஸ்டோமியிலிருந்து எடுத்தது' என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் தெரு லேபில் முதல் தடவை அந்தப் பையனுக்கு என் வயிற்றைக் காட்டித்தான் புரியவைத்தேன்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாற்றம் தெரியுமா?

பை சரியாக ஒட்டியிருந்தால் தெரியாது. நாற்றம் வந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது குழாய் நுனியைத் துடைக்கவில்லை. காலி செய்த பிறகு நுனியை ஒரு துணியால் ஒற்றி எடுங்கள். பூண்டு, வெங்காயம், மீன், சில ஆன்டிபயாடிக் இவற்றால் சிறுநீரின் வாசனை மாறும், ஆனால் அது பைக்குள்ளேயே இருக்கும். நாம்தான் இல்லாத நாற்றத்தை முகர்ந்துகொண்டே இருப்போம். முதல் வருடம் முழுக்க என் வீட்டுக்காரியிடம் "வருதா, வருதா" என்று கேட்டு அவள் சலித்துப்போனாள்.

பை ஊதா நிறமாக மாறிவிட்டது! சாயம் போட்ட மாதிரி!

பார்க்கத்தான் பயங்கரம். மலச்சிக்கல் இருக்கும்போது குடலில் உருவாகும் ஒரு பொருள் சிறுநீரில் வருகிறது. அங்குள்ள சில வகைக் கிருமிகள் அதை நீலச் சாயமாகவும் சிவப்புச் சாயமாகவும் மாற்றுகின்றன. சாயத்தால் ஆபத்து இல்லை. தொற்று இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள், பையை மாற்றுங்கள். பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும், காசநோய் மாத்திரையில் ஆரஞ்சாகும், பி வைட்டமின் மாத்திரையில் பளீர் மஞ்சளாகும். ரத்தம் என்று ஓடும் முன் நேற்று என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துப் பாருங்கள்.

நிஜமாகவே ரத்தம் வந்தால்?

துடைக்கும்போது ஸ்டோமாவின் மேல் சொட்டு ரத்தம் வருவது சாதாரணம், பல் தேய்க்கும்போது ஈறில் வருவதுபோல. ஈரத்துணியால் லேசாக அழுத்தினால் நின்றுவிடும். நிற்காவிட்டாலோ, ஸ்டோமாவின் உள்ளிருந்து சிறுநீரோடு கலந்து வந்தாலோ ஆஸ்பத்திரி.

ஸ்டோமா பக்கத்தில் வயிறு புடைத்திருக்கிறது.

ஸ்டோமாவுக்காகத் தசையில் போட்ட வழி தளர்ந்து, குடல் அதன் வழியே பிதுங்கும் குடலிறக்கம் இது. நிறையப் பேருக்கு வருகிறது, எனக்கும் கொஞ்சம் உண்டு. நின்றால் தெரியும், படுத்தால் அமுங்கும். ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று மாதம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எதையும் தூக்காதீர்கள். இருமும்போதும் தும்மும்போதும் ஸ்டோமாவின் மேல் கையை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். புகையை விட்டால் இருமலும் விடும். அளவெடுத்துச் செய்த பெல்ட் உதவும். பெல்ட்டில் ஓட்டை போடலாமா, கூடாதா என்பது பையையும் புடைப்பையும் பொறுத்தது, சிஸ்டரைக் கேட்டுச் செய்யுங்கள். நானே ஒன்று தைத்துப் பார்த்தேன். இறுக்கிவிட்டது, சிறுநீர் பைக்குள் இறங்கவில்லை. தையல்காரனுக்கும் தெரியாத தையல் இருக்கிறது.

புடைப்பு அமுங்காமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால் அது அவசரம்.

ஸ்டோமா உள்ளே போய்விட்டது, அல்லது வெளியே நீண்டுவிட்டது. என்ன செய்வது?

உடம்பு பெருத்தால் உள்ளே போகலாம். குவிந்த பிளேட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நீண்டு வந்தால் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்து சிறுநீரும் வந்தால் பதறாமல் போய்க் காட்டுங்கள். மூன்றாவதாக ஒன்று சத்தமில்லாமல் வரும்: வாய் சுருங்குவது. சிறுநீர் சொட்டாமல் விட்டு விட்டுப் பீச்சி அடிக்கும், அளவு குறையும், விலாவில் கனம் தெரியும், தொற்று திரும்பத் திரும்ப வரும். வலி இல்லை என்று விட்டால் சிறுநீரகம் வீங்கிக் கெட்டுப்போகும்.

ராத்திரி தூங்குவது எப்படி?

சின்னப் பையின் குழாயில் 2 லிட்டர் நைட் பேக்கைப் பொருத்தி, கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுங்கள் அல்லது வாளியில் வையுங்கள். பாயில் படுப்பவர்களுக்குத்தான் சங்கடம்; சிறுநீர் இறங்கப் பள்ளம் வேண்டும். பெஞ்சோ கட்டிலோ பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பையில் கொஞ்சம் சிறுநீர் இருக்கும்போதே பொருத்தினால் காற்றடைப்பு வராது. குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, தொடையோரம் ஒரு துணி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். காலையில் நைட் பேக்கை வினிகர் கலந்த தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள்.

உடை?

என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். பேன்ட்டின் இடுப்புப் பட்டை ஸ்டோமாவின் மேல் விழக் கூடாது. பட்டையை இரண்டு அங்குலம் உயர்த்தி, முன்பக்கம் இரண்டு பிளீட் விட்டால் பை புடைப்பாகத் தெரியாது. பெல்ட்டுக்குப் பதில் தோள்வார். வேட்டியை ஸ்டோமாவுக்கு மேலே கட்டுங்கள், ஒட்டிக்கோ வேட்டி நல்ல வசதி. சேலை கட்டுபவர்கள் பாவாடை நாடாவை ஸ்டோமாவின் மேல் இறுக்காதீர்கள். நாடாவுக்குப் பதில் அகல எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கொசுவத்தில் பை மறைந்துவிடும். பைக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய பருத்தி உறை ஒன்று தைத்துப் போட்டால் வியர்க்குரு வராது. பழைய வேட்டித் துணியே போதும்.

சாப்பாட்டில் பத்தியம் உண்டா?

இந்தப் பைக்கென்று இல்லை. பிரியாணியும் சாப்பிடலாம், எங்கள் முள்ளுக் கத்தரிக்காய்க் கொத்சும் சாப்பிடலாம். மலச்சிக்கல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணம், கோயில், தொழுகை?

தாராளமாக. ஒரு கைப்பையில், ஏற்கெனவே ஓட்டை வெட்டிய இரண்டு பிளேட், இரண்டு பை, துணி, தண்ணீர், ஒரு கவர், மாற்றுத் துணி வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடியில் ரயில் ஏறும் முன் காலி செய்துவிடுங்கள், ஆடும் ரயிலில் குழாயைத் திறப்பது தனி வித்தை. ஸ்பேர் பிளேட்டை வண்டிப் பெட்டியில் விடாதீர்கள். மே மாதம் ஒரு மதியம் விட்டிருந்தேன். பசை இளகி வெல்லப்பாகு மாதிரி கவரோடு ஒட்டிக்கொண்டது.

சோளிங்கர் மலைக்குப் படியேறத்தான் வேண்டும் என்றில்லை, ரோப்கார் இருக்கிறது. தொழுகையைப் பற்றி ஆம்பூர் நண்பர்கள் கேட்பார்கள். நிற்காமல் கசியும் நிலையில் இருப்பவர்களுக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு, ஒவ்வொரு வேளைக்கும் ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) செய்து தொழலாம். உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு வேறு விஷயம். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது நமக்கு ஆபத்து, டாக்டரிடம் பேசாமல் வைக்காதீர்கள்.

இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது... கணவன் மனைவி உறவு?

கேட்பதில் தப்பில்லை. ஸ்டோமாவால் தடை இல்லை. ஆனால் சிறுநீர்ப்பையை எடுக்கும்போது பக்கத்து நரம்புகள் பாதிக்கப்படுவதால் ஆண்களுக்கு விறைப்பு குறையலாம், பெண்களுக்கு வலியோ வறட்சியோ வரலாம். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு, டாக்டர்கள் தாமாகப் பேச்செடுப்பது குறைவு, நீங்கள்தான் கேட்க வேண்டும். ஸ்டோமாவின் வாயை எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

கடையில் பை கேட்டால் வேறு ஏதோ தருகிறார்கள்.

மலத்துக்கான பையைத் தந்திருப்பார்கள். எனக்கும் ஒரு மருந்துக் கடையில் அப்படித்தான் நடந்தது, வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது. சிறுநீர்ப் பைக்கு அடியில் திறந்து மூடும் குழாய் இருக்கும். உள்ளே, சிறுநீர் திரும்ப மேலேறாமல் தடுக்கும் மடிப்பு இருக்கும். காலிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து பர்ஸில் வைத்துக்கொண்டு, அதைக் காட்டி வாங்குங்கள். கையில் எப்போதும் ஒரு மாதத்துக்கு இருக்கட்டும்.

எல்லாம் நன்றாக இருக்கிறது. செக்கப் எதற்கு?

சிறுநீரகம் கெடுவது வெளியே தெரியாது. கிரியாட்டினின், பைகார்பனேட், ஸ்கேன் ஆகியவற்றை டாக்டர் சொன்ன இடைவெளியில் பார்த்தே ஆக வேண்டும். குடல் துண்டு சிறுநீரிலிருந்து சில உப்புகளைத் திரும்ப உறிஞ்சுவதால் ரத்தத்தில் அமிலம் கூடலாம்; காரணம் தெரியாத அசதி, பசியின்மை, மூச்சு வாங்குவது அதன் அடையாளமாக இருக்கலாம். வைட்டமின் பி12-ம் சில வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். கட்டிக்காக ஆபரேஷன் ஆனவர்களுக்கு, கட்டி திரும்பி வந்திருக்கிறதா என்று பார்ப்பது தனி.

எதற்கெல்லாம் உடனே ஓட வேண்டும்?

குளிரோடு காய்ச்சல், விலா வலி. சில மணி நேரமாகப் பையில் சிறுநீரே விழவில்லை. ஸ்டோமா கறுத்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. வயிறு உப்பி வாந்தி. இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது கிடைத்த வண்டியில் ஏறுங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியோ, எது பக்கமோ அது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள். இரவு டியூட்டியில் இருப்பவர் இதை மலத்துக்கான ஸ்டோமா என்று நினைத்துவிடலாம். "சிறுநீர்ப்பை எடுத்தாயிற்று, இது சிறுநீர் வரும் வழி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எங்கப்பாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். இப்போதே என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

ஸ்டோமா எந்த இடத்தில் வரும் என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே சிஸ்டரோ டாக்டரோ வயிற்றில் மையால் குறி வைப்பார்கள். ஆஸ்பத்திரி கவுனில் படுத்தபடி மட்டும் குறி வைத்தால் போதாது. அப்பா தினமும் கட்டும் லுங்கியையே கட்டச் சொல்லுங்கள். நிற்கட்டும், நாற்காலியில் உட்காரட்டும், சாப்பிட உட்கார்வதுபோல் சம்மணம் போடட்டும், குனியட்டும். லுங்கி முடிச்சு எங்கே விழுகிறது, வயிறு எங்கே மடிகிறது, அவர் கண்ணுக்கு அந்த இடம் தெரிகிறதா, கை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் குறி வைக்கட்டும்.